வேகத்தைத் தீர்மானிப்பது யார்?

தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான ஞாயிற்றுக்கிழமைக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை



ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் டவுனுக்குப் போய் சாமான் வாங்கவும் நமக்குக் கிடைக்கும் ஒரே நாள். அதை விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைய தலைப்பு, நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் கார் செய்த தொழிலாளரைப் பற்றியது. வாசலில் ஒரு அக்கா கேட்டார்: “கொழுந்து எடுக்கிற நமக்கு காரு கதை எதுக்குங்க?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லுமுன் வகுப்பறையில் வந்த இன்னொரு கேள்வியைச் சொல்கிறோம். கைத்தொழில் புரட்சியைப் பற்றிய பாடம் நடந்தது. ஹென்றி போர்ட் என்பவர் ஒரே மாதிரிக் கார்களை ஆயிரக்கணக்கில் செய்து குவித்தார் என்று படித்துக்கொண்டிருந்தோம். பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, “சேர், அந்தக் காரைச் செஞ்சவங்க காரு வாங்கினாங்களா?” என்று கேட்டாள்.

அதற்கு ஆமாம் என்று சொன்னாலும் பிழை, இல்லை என்று சொன்னாலும் பிழை. அந்தப் பிள்ளைக்கு அன்று சொல்லி முடிக்க முடியாத பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்லப் போகிறோம்.

கார் நின்றது, ஆட்கள் நடந்தார்கள்

போர்ட் கம்பனி 1903 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ரொயிட் நகரத்தில் தொடங்கியது. அந்தக் காலத்தில் கார் பணக்காரரின் விளையாட்டுச் சாமான். அதைச் செய்த விதமும் அப்படித்தான். காரின் அடிச்சட்டம் ஒரு இடத்தில் நிற்கும். என்ஜின், அச்சு, சக்கரம் எல்லாவற்றையும் அந்த இடத்துக்குக் கொண்டு வருவார்கள். தொழில் தெரிந்த மெக்கானிக்குகள் சுற்றி நின்று பூட்டுவார்கள். ஒரு சாமான் சரியாகப் பொருந்தாவிட்டால் அரத்தால் ராவிச் சரி செய்வார்கள். ஒரு கார் முடிந்ததும் அடுத்த காருக்கு நடந்து போவார்கள்.

இந்த முறையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்த மெக்கானிக்குக்கு முழு வேலையும் தெரியும். அவரை விரட்டிவிட்டால் அவருடைய இடத்தில் நிற்க இன்னொருவரை உடனே பிடிக்க முடியாது. இரண்டாவது, வேலையின் வேகம் அவருடைய கையில் இருந்தது. மேலாள் சத்தம் போடலாம், அவசரப்படுத்தலாம். ஆனால் அந்தப் பகுதியைப் பூட்ட உண்மையில் எவ்வளவு நேரம் வேண்டும் என்பது பூட்டுபவருக்குத்தான் தெரியும்.

1908 இல் போர்ட் ‘மொடல் டி’ என்ற காரை விற்பனைக்கு விட்டார். விலை 850 டொலர். சேற்றுப் பாதையிலும் ஓடும், பழுதானால் திருத்துவதும் சுலபம். கிராமத்து விவசாயிகளும் அதைக் கேட்டு வந்தார்கள். கேட்ட அளவுக்குச் செய்து கொடுக்க முடியவில்லை. 1910 இல் டெட்ரொயிட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை ஒன்றைத் திறந்தார்கள். அங்கே ஒவ்வொரு பகுதியையும் ஒரே அளவில் வெட்டித் தரும் இயந்திரங்களை வைத்தார்கள். ராவிப் பொருத்தும் வேலை இல்லாமற் போனது. அரம் பிடித்த கைக்கு அங்கேயே பாதி மதிப்புக் குறைந்துவிட்டது.

இறைச்சிக் கூடத்திலிருந்து வந்த யோசனை

அப்போது சிக்காகோ நகரத்தில் பெரிய இறைச்சித் தொழிற்சாலைகள் இருந்தன. வெட்டிய மாட்டைக் கொக்கியில் மாட்டி, மேலே போகும் தண்டவாளத்தில் தள்ளிவிடுவார்கள். வரிசையாக நிற்கும் தொழிலாளரில் ஒருவர் ஒரு வெட்டு வெட்டுவார், அடுத்தவர் வேறொரு வெட்டு. வரிசையின் கடைசியில் எலும்பு மட்டும் தொங்கும். தமக்கு இந்த யோசனை அங்கிருந்து வந்தது என்று போர்டே தமது நூலில் சொல்லியிருக்கிறார். சிக்காகோவில் முழு மாட்டைப் பிரித்தார்கள். போர்ட் தொழிற்சாலையில் அதைத் திருப்பிப் போட்டார்கள்: வெறும் சட்டத்தில் தொடங்கி முழுக் காரைச் சேர்த்தார்கள்.

ஆங்கிலத்தில் இதை ‘அசெம்பிளி லைன்’ என்பார்கள். நாம் ‘ஓடும் வரிசை’ என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். வாட்டத்திலிருந்து ரோலருக்கு, ரோலரிலிருந்து அடுத்த கட்டத்துக்கு என்று கொழுந்து நகர்வதும் ஆள் தன் இடத்தில் நிற்பதும் உங்களுக்குத் தெரியும். காருக்கும் அதையே செய்தார்கள்.

1913 ஏப்ரல் 1 ஆம் திகதி முதற் பரீட்சை நடந்தது. என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீற்றோ என்ற பகுதியை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை ஒரு தொழிலாளி முழு மக்னீற்றோவையும் தானே செய்தார். ஒன்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். அன்று அந்த வேலையை 29 துண்டாகப் பிரித்து, 29 பேரை வரிசையில் நிறுத்தினார்கள். ஒருவர் ஒரு காந்தத்தை வைப்பார். அடுத்தவர் ஒரு நட்டைப் போடுவார். அதை முறுக்குவது வேறொருவர். ஒன்றுக்கான உழைப்பு 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது.

பிறகு பார்த்தார்கள், ஆட்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். வரிசையை 8 அங்குலம் உயர்த்தினார்கள். 7 நிமிடமாகியது. சங்கிலி பூட்டி, அதை இயந்திரத்தால் ஓடவிட்டார்கள். 5 நிமிடமாகியது. இப்போது 29 பேர் தேவையில்லை, 14 பேர் போதும்.

அடுத்தது காரின் அடிச்சட்டம். பழைய முறையில் ஒன்றைப் பூட்ட 12 மணி 28 நிமிட உழைப்பு வேண்டும். 1913 ஓகஸ்டில் சட்டத்தைக் கயிற்றால் கட்டி 250 அடி தூரம் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆறு பேர் கூடவே நடந்து, வழியில் வைத்திருந்த சாமான்களை எடுத்துப் பூட்டினார்கள். 5 மணி 50 நிமிடமாகியது. ஒக்டோபரில் 150 அடி வரிசையில் 140 பேரை நிறுத்தினார்கள். 3 மணி நேரத்துக்கும் குறைந்தது. 1914 ஏப்ரலில், இடுப்பளவு உயரத்தில் சங்கிலியால் ஓடும் வரிசையில் 1 மணி 33 நிமிடம். ஒரு வருடத்துக்குள் நடந்த கதை இது.

இதில் நல்லதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. குனிந்து நிமிரும் வேதனை குறைந்தது. பாரம் தூக்கி நடப்பது குறைந்தது. கார் விலை விழுந்தது: 1914 இல் 490 டொலர், 1920களின் நடுவில் 300 டொலருக்கும் கீழே. 1927 இல் மொடல் டி நிறுத்தப்படும்போது ஒன்றரைக் கோடி கார்கள் வெளியே வந்திருந்தன. சங்கம் இயந்திரத்துக்கு எதிரி அல்ல. சங்கம் கேட்பது வேறு: மிச்சமான அந்த 11 மணி நேரம் யாருடைய கைக்குப் போனது?

சங்கிலி ஓடும்போது கை நிற்க முடியாது

வரிசை வந்ததும் அந்த மெக்கானிக்கின் இரண்டு பலமும் போய்விட்டது. வேலை துண்டு துண்டானதால் புதிதாக வந்தவருக்கும் சில மணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஆகவே ஒருவரை நிறுத்தி இன்னொருவரை வைப்பது சுலபமானது. வேகம் சங்கிலிக்குப் போனது. சங்கிலியை ஓட்டும் விசை மேலாளின் பக்கம் இருந்தது. விசையைக் கொஞ்சம் கூட்டினால் நூற்றுக்கணக்கான பேரின் கை ஒரே நேரத்தில் வேகமாக ஓட வேண்டும். சத்தம் போடவே தேவையில்லை.

இதே காலத்தில் பிரெடரிக் டெய்லர் என்ற பொறியியலாளர், கையில் கடிகாரம் வைத்துத் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளக்கும் முறையைப் பரப்பிக்கொண்டிருந்தார். அவருடைய நூல் 1911 இல் வந்தது. யோசிப்பது ஒரு கூட்டம், செய்வது இன்னொரு கூட்டம் என்று பிரித்த காலம் அது.

தொழிலாளர் இதற்கு எப்படிப் பதில் சொன்னார்கள்? காலால் சொன்னார்கள். வேலையை விட்டுப் போனார்கள். ஒருநாள் நின்று பார்த்து மறுநாள் வராதவர்கள் ஏராளம். 1913 ஆம் ஆண்டில் மட்டும், ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, 100 பேரை நிலையாகக் கூட்ட 963 பேரைச் சேர்க்க வேண்டும் என்று வந்தது.

அதே ஆண்டு தொழிற்சாலை வாசலில் சங்கக்காரர்கள் நின்று பேசத் தொடங்கினார்கள். ஜூன் மாதத்தில் டெட்ரொயிட்டின் இன்னொரு கார்க் கம்பனியான ஸ்டூடிபேக்கரில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். போர்ட் கம்பனிக்கு இரண்டு பயம்: ஆள் நிற்கவில்லை, சங்கம் வந்துவிடுமோ.

ஐந்து டொலர் நாட்சம்பளம்

1914 ஜனவரி 5 ஆம் திகதி அறிவித்தார்கள். 9 மணி நேரத்துக்கு 2 டொலர் 34 சதமாக இருந்த நாட்சம்பளம், இனி 8 மணி நேரத்துக்கு 5 டொலர். இரண்டு மடங்குக்கும் மேல். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஒரு வாரத்துக்குள் வாசலில் பத்தாயிரம் பேர் வரை கூடிவிட்டார்கள். உறைபனிக் குளிர். கூட்டத்தைக் கலைக்க அந்தக் குளிரிலே தண்ணீர்க் குழாயைத் திருப்பி அடித்தார்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்குக் கணக்குப் போடுவோம். 850 டொலர் காரை 2 டொலர் 34 சதச் சம்பளத்தில் வாங்க 363 நாள் வேலை செய்ய வேண்டும், ஒரு பைசா சாப்பிடாமல். 490 டொலர் காரை 5 டொலர் சம்பளத்தில் வாங்க 98 நாள். ஆகவே, ஆமாம், செய்தவர்களில் பலர் பிற்காலத்தில் கார் வாங்கினார்கள். அது சின்ன விஷயமல்ல.

தம் தொழிலாளி தம் காரை வாங்க வேண்டும் என்ற நல்ல மனதால் போர்ட் சம்பளத்தைக் கூட்டினார் என்று இன்றும் கதை சொல்வார்கள். கதையைச் சொல்கிறவர்கள் அந்த 963 என்ற இலக்கத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வேகம் குறையவில்லை. அந்த வேகத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பதற்குக் கொடுத்த விலைதான் 5 டொலர். நேரத்தை 8 மணியாகக் குறைத்ததால், இரண்டு ஷிப்டுக்குப் பதிலாக மூன்று ஷிப்டாக இரவும் பகலும் ஓட்டவும் முடிந்தது.

சம்பளத்தோடு வீட்டுக்குள் வந்தவர்கள்

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 5 டொலர் முழுவதும் சம்பளமல்ல. 2 டொலர் 34 சதம்தான் சம்பளம். மிச்சம் ‘இலாபப் பங்கு’. பங்கு கிடைக்க நிபந்தனை உண்டு. ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 22 வயதுக்கு மேற்பட்ட ஆணாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களுக்குத் தொடக்கத்தில் அது இல்லை. குடும்பத்தைத் தாங்குகிறவர் ஆண்தான் என்பது கம்பனியின் எண்ணம். பெண்கள் வேலைசெய்து குடும்பம் தாங்கும் தோட்டத்தில் பிறந்த நமக்கு இதைக் கேட்டாலே புரியும்.

நிபந்தனை சரியா என்று பார்க்க ‘சமூகவியல் பிரிவு’ என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அதன் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே போனார்கள். வீடு சுத்தமா? குடிக்கிறாரா? வங்கியில் சேமிப்பு உண்டா? வீட்டில் வாடகைக்கு வேறு ஆட்களை வைத்திருக்கிறாரா? அண்டை வீட்டாரிடமும் விசாரித்தார்கள். தேறாதவருக்குப் பங்கு இல்லை. திருந்தத் தவணை கொடுத்து, திருந்தாவிட்டால் வேலையும் இல்லை.

அந்தத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் போலந்து, ரஷ்யா, இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். மொழி தெரியாது. கம்பனி ஆங்கிலப் பள்ளிக்கூடம் வைத்தது. படிப்பு நல்லதுதான், ஆசிரியராகச் சொல்கிறோம். ஆனால் வேலை கொடுப்பவனே சம்பளத்தையும் வீட்டையும் பள்ளியையும் பிடித்துக்கொண்டால், தொழிலாளி எங்கே போய் முறையிடுவது? லயமும் துரை கையில், பிரட்டும் துரை கையில் என்று வாழ்ந்த நம் முன்னோருக்கு அந்த டெட்ரொயிட் தொழிலாளியைப் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும்.

அந்தச் சக்கரத்தில் நம் மக்களும்

வாசலில் கேட்ட அக்காவுக்கு இப்போது ஒரு பதில் சொல்கிறோம். ஒவ்வொரு காருக்கும் நான்கு டயர். டயருக்கு இறப்பர் வேண்டும். டெட்ரொயிட்டில் இறப்பர் மரம் வளராது.

1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து இலங்கையில் இறப்பர் தொடங்கியது. கார் பெருகப் பெருக இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. அந்த மரங்களில் பால் வெட்டியவர்களில் கப்பலேறிப் போன தமிழ்த் தொழிலாளர் பெரும் தொகையினர். 1922 இல் இறப்பர் விலை விழாமல் இருக்க இந்த இரண்டு நாட்டிலும் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை வெள்ளைக்கார அரசு கொண்டுவந்தது. அமெரிக்கக் கம்பனிகளுக்கு அது பிடிக்கவில்லை. போர்ட் தமக்கென்று இறப்பர் வேண்டும் என்று பிரேசில் நாட்டு அமேசன் காட்டில் பெரிய நிலம் வாங்கி, 1928 இல் ‘போர்ட்லாண்டியா’ என்ற தோட்டத்தைத் தொடங்கினார். அங்கேயும் கடிகாரம் வைத்து வேலை, கம்பனி சொல்லும் சாப்பாடு. 1930 இல் சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கிய ஆத்திரம் கலவரமாகி, தொழிலாளர் நேரக் கடிகாரங்களையே அடித்து நொறுக்கினார்கள். இலைக் கருகல் நோய் மரங்களைத் தின்றது. கடைசியில் 1945 இல் நிலத்தைப் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுப் போனார்கள்.

ஆகவே கார்க் கதை நமக்குத் தூரத்துக் கதை இல்லை.

வேகத்தைக் கேட்ட சங்கம்

ஐந்து டொலர் நிரந்தரமாக நின்றதா? 1929 இல் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. பல்லாயிரம் பேரை நிறுத்தினார்கள். சம்பளத்தை வெட்டினார்கள். மிஞ்சி நின்றவர்களுக்கு வரிசையின் வேகம் கூடியது. போர்ட் தொழிற்சாலையில் பக்கத்து ஆளோடு பேசக்கூட முடியாது. உளவாளிகள் நிறைந்திருந்தார்கள். உதடு அசையாமல் பேசப் பழகிக்கொண்டார்கள்.

1932 மார்ச் 7 ஆம் திகதி, வேலை இழந்த ஆயிரக்கணக்கானோர் டெட்ரொயிட்டிலிருந்து போர்டின் ரூஜ் தொழிற்சாலையை நோக்கி நடந்தார்கள். அவர்கள் கொண்டுபோன கோரிக்கைகளைக் கேளுங்கள். வேலை கொடு, மருத்துவம் கொடு, கறுப்பினத் தொழிலாளரைப் பிரித்துப் பார்க்காதே. அவற்றோடு, ஆளைக் கொல்லும் வேகத்தைக் குறை, 15 நிமிட ஓய்வு இரண்டு தடவை கொடு என்றும் கேட்டார்கள். வயிறு காய்ந்தவர்கள் வேகத்தையும் கோரிக்கையில் எழுதியிருந்தார்கள். பொலிஸும் கம்பனிக் காவலரும் சுட்டார்கள். நான்கு பேர் அன்றே இறந்தார்கள், காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார்.

1936 டிசம்பர் 30 இல் பிளின்ட் நகரத்தில், ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் புதுவிதப் போராட்டம் தொடங்கியது. தொழிலாளர் வெளியே போகவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பெரிய குறைகளில் ஒன்று வரிசையின் வேகம். மொத்தம் 44 நாள். பெண்கள் வெளியே சமையல் செய்து சாப்பாடு அனுப்பினார்கள். பொலிஸ் தாக்கியபோது சிவப்புத் தொப்பி அணிந்த பெண்கள் படை முன்னால் வந்து நின்றது. 1937 பெப்ரவரி 11 இல் கம்பனி கையெழுத்துப் போட்டுச் சங்கத்தை ஏற்றுக்கொண்டது.

போர்ட் மட்டும் மறுத்தார். அதே ஆண்டு மே 26 இல், ரூஜ் வாசல் மேம்பாலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்த வோல்டர் ரூதரையும் தோழர்களையும் கம்பனி அடியாட்கள் அடித்தார்கள். பெண்களையும் விடவில்லை. பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த படத்தால் அது ஊரறிந்தது. 1941 ஏப்ரலில் ரூஜ் தொழிற்சாலையே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கறுப்பினத் தொழிலாளருக்குச் சூடும் புகையும் நிறைந்த வேலைகளைக் கொடுத்திருந்த கம்பனி, அவர்களையே வேலைநிறுத்தத்துக்கு எதிராக நிறுத்தப் பார்த்தது. கறுப்பின மக்களின் தலைவர்கள் வந்து சங்கத்தின் பக்கம் நின்றார்கள். பிளவு பலிக்கவில்லை. ஜூன் மாதம் போர்ட் கையெழுத்துப் போட்டார். சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்குக் கொடுக்கவும் சம்மதித்தார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரிசையின் விசை சங்கத்தின் கைக்கு வந்துவிடவில்லை. அது கம்பனியிடமே இருந்தது. ஆனால் அதுவரை வேகம் கூடினால் வாயை மூடித் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். அதன் பிறகு, ‘இந்த வேகம் சரியில்லை’ என்று சொல்ல ஒரு ஆளும், அதை மேசையில் வைத்துப் பேச ஒரு வழியும், சொன்னதற்காக விரட்டப்படாத ஒரு பாதுகாப்பும் கிடைத்தது. 1913 இல் தனித்தனியாக நடந்து போன கால்கள் 1937 இல் ஒன்றாக உட்கார்ந்ததால் கிடைத்தது அது.

நாம் மறந்த கேள்வி

இனி நம் மலைக்கு வருவோம். ஒரு பிழையை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நாட்சம்பளம் கூடியபோது நம் தோட்டத்தில் கோயிலில் பொங்கல் வைத்தோம். பட்டாசு வெடித்தோம். நாமும் மேடையேறிப் பேசினோம். அடுத்த மாதம் கொழுந்து நிறுவையில் புதுக் கணக்கு வந்தது. ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கிலோ கூடிவிட்டது. எடுக்க முடியாதவர்களுக்கு அரைப் பேர். சம்பளச் சிட்டையைப் பார்த்தால், கூடியதாகச் சொன்ன காசில் பாதியைக் காணோம். தண்ணிக்கும் சாக்குக்கும் என்று கழிக்கும் கிலோ வேறு.

எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்தவர். அன்று இரவு அடுப்படியில் இருந்துகொண்டு ஒரு வார்த்தைதான் கேட்டார்: “சம்பளத்தைக் கேட்டீங்களே ராசா, கிலோவைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. ஐந்து டொலரைக் கேட்டோம், சங்கிலியின் வேகத்தைக் கேட்க மறந்தோம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நமக்கே அம்மா பாடம் சொல்ல வேண்டியிருந்தது.

தேயிலை மலையில் சங்கிலி இல்லை. ஆனால் கிலோ இருக்கிறது. வெயில் காலத்தில் கொழுந்து இல்லாதபோதும், கவ்வாத்து வெட்டிய மலையிலும், புல் மண்டிய நிரையிலும் அதே கிலோவைக் கேட்டால் அதுவும் விசையைக் கூட்டுவதுதான். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தராசுக்கு முன் நின்று வாதாடினால் வெல்ல முடியாது. கணக்கப்பிள்ளையின் கையில் செக்ரோல் இருக்கிறது. நம் கையில் ஒன்றும் இல்லை.

அதனால் இந்த வகுப்பிலிருந்து ஒரு வேலையைக் கொண்டுபோகும்படி கேட்கிறோம். ஒவ்வொரு தலைவியும் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் உள்ளவர்களுக்கு, ஒவ்வொரு நாளும் ஐந்து விஷயத்தை எழுதுங்கள். எந்த மலை, மழையா வெயிலா, ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ, எத்தனை கிலோ கழித்தார்கள், முழுப் பேரா அரைப் பேரா. எழுதக் கஷ்டமானவர்கள் இருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது நல்ல கணக்குப் பாடம். இரண்டு மாதம் தவறாமல் எழுதுங்கள். அடுத்த தடவை நிர்வாகத்தோடு பேசப் போகும்போது அந்தக் கொப்பிகளோடு போவோம். இந்த மலையில் இந்த மாதத்தில் இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று நம் கணக்கைக் காட்டிப் பேசுவோம். பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் கொழுந்து எடுக்கும் பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும். கிலோ என்றால் என்னவென்று தோளுக்குத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

சம்பளம் எவ்வளவு என்று யாராவது அறிவித்தால் சந்தோஷப்படுங்கள், பிழையில்லை. பொங்கலும் வைப்போம். ஆனால் பானையை அடுப்பில் வைக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்போம்: எத்தனை கிலோவுக்கு?

அந்தப் பின் வாங்குப் பிள்ளைக்கும் நாளை வகுப்பில் பதில் சொல்லப் போகிறோம். செய்தவர்களில் பலர் கார் வாங்கினார்கள் மகள். ஆனால் தங்கள் கை எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு அவர்களுக்கு இன்னும் இருபது வருடத்துக்கு மேல் சென்றது. அதையும் அவர்கள் ஒன்றுசேர்ந்துதான் வாங்கினார்கள் என்று.

 கொப்பி வேண்டியவர்கள் தேநீர் குடித்துவிட்டு மேசைக்கு வாருங்கள், வைத்திருக்கிறோம்.